ஊரிலே ஆபீஸ்காரி

நான் டைரக்டர் ஆனதற்கு ஒரே காரணம், எங்கள் மூன்று பேரில் என்னிடம்தான் ட்ரைபாட் இருந்தது. அதற்கும் ஒரு கால் கொஞ்சம் குட்டை. கல்லூரிக் கடைசி வருடத்தில் செய்முறைத் தேர்வுக்காக ஒரு மியூசிக் வீடியோ எடுத்துக் கொடுக்க வேண்டும். பாட்டும் எங்கள் சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் காதல் தோல்வி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காதலே வராதவர்கள்தான் அதில் முந்திக்கொண்டார்கள். நாங்கள் ஹிப்ஹாப் என்று எழுதிக் கொடுத்தோம். அதற்குக் காரணம் என் சிநேகிதி.

அவளும் நானும் டெல்லி லக்ஷ்மிபாய் நகர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். என் அப்பா மத்திய அரசு குமாஸ்தா; எங்களுக்கு அங்கேயே குவார்ட்டர்ஸ். அவள் அப்பாவுக்குக் கட்டட வேலை, அம்மாவுக்குச் சமையல் வேலை. வீடு ரயில் பாதையோரக் குடிசைகளில். சின்ன வயதிலிருந்தே பஸ் கிளம்பிவிடப் போகிறது என்கிற அவசரத்தில்தான் பேசுவாள். டீச்சர்கள் திட்டித் திட்டி ஓய்ந்துபோனார்கள். கல்லூரிக்கு வந்த பிறகுதான் அந்த வேகத்துக்கு ராப் என்று ஒரு மரியாதையான பெயர் இருப்பது எங்களுக்குத் தெரிந்தது.

மூன்றாவது ஆள் கேமராக்காரன். ராஜோரி கார்டன் பஞ்சாபி. தமிழில் அவனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'சாம்பார்'. அதையும் 'சாம்பர்' என்பான்.

பாட்டை அவளே எழுதினாள். பாதி தமிழ், பாதி ஹிந்தி. சரோஜினி நகர் மார்க்கெட்டில் பேரம் பேசுவது, பஸ்ஸில் இடம் பிடிப்பது, குளிர்காலத்தில் தலைக்கு ஊற்றிக்கொள்ளப் பயப்படுவது என்று படபடவென்று ஓடும். நடுவில் தாளம் மட்டுப்பட்டு இரண்டே வரிகள் நிதானமாக வரும்.

'ஊரிலே எங்கம்மா ஆபீஸ்காரி,
டெல்லியிலே அஞ்சு வீட்டு அடுப்புக்காரி.'

கேமராக்காரன் அர்த்தம் கேட்டான். ஹிந்தியில் சொன்னேன். தலைமுடியைக் கோதிக்கொண்டான். பிறகு, "யார், யஹீ கானா ஹை. பாக்கி சப் மசாலா" என்றான். நண்பா, பாட்டே இதுதான், மற்றதெல்லாம் வெறும் மசாலா என்று. சாம்பாரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவனுக்கு இது தெரிந்ததே என்று எனக்கு அவன்மேல் திடீரென்று பிரியம் வந்தது.

அந்த வரிகளுக்குப் பின்னால் ஒரு வழக்கம் இருக்கிறது. என் சிநேகிதியின் குடியிருப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் சின்னசேலம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள். டெல்லியில் அவர்களுக்கு ஒரு வேலை, ஊரில் ஒரு வேலை. இங்கே சென்ட்ரிங் பலகை அடிக்கிறவர் அங்கே காண்ட்ராக்டர். இங்கே அபார்ட்மென்ட் வாசலில் காவல் இருப்பவர் அங்கே போலீஸ் மாதிரி ஏதோ ஒன்று. திருவிழாவுக்குக் கூட்டமாக ரயில் ஏறுவார்கள். நாக்பூர் தாண்டியதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பதவி உயர்வு வந்துவிடும். ஒருவர் பதவியை இன்னொருவர் வாய் தவறிக்கூட உடைக்க மாட்டார். சண்டைக்காரர்கள்கூட அந்த ஒரு விஷயத்தில் நாணயமாக இருந்தார்கள். அவள் அம்மாவுக்கு ஊரில் ஆபீஸ் வேலை. என்ன ஆபீஸ் என்று யாரும் கேட்டதில்லை. டெல்லியில் இல்லாத ஆபீஸா!

"இந்தப் பாட்ட உங்கம்மா கேட்டாங்களா?" என்று நான் கேட்டேன்.

"காலேஜ் பாட்டுன்னு சொல்லியிருக்கேன். போதும்" என்றாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்து வரிசையில் எல்லா வீடுகளையும் காலி செய்துவிட்டார்கள், இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக. கதவு இல்லாத நிலைகள், சுவரில் பழைய காலண்டர்கள் மாட்டியிருந்த வெள்ளைச் சதுரங்கள், வாசலில் யாரும் கூட்டாத வேப்பஞ்சருகு. அந்தச் சந்துதான் எங்கள் படப்பிடிப்பு இடம். பிப்ரவரி வெயில் டெல்லியில் கடவுள் போடும் இலவச லைட். காலையிலேயே போய் நின்றுகொண்டோம்.

முதல் நாள் முழுக்க வீண். அந்த இரண்டு வரிகள் வரும் இடத்தைக் காட்சி மெதுவாக ஓடும்படி எடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அப்படி எடுத்தால் பாட்டை ஸ்பீக்கரில் இரட்டை வேகத்தில் ஓட்ட வேண்டும். பாடுகிறவளும் அதே வேகத்தில் வாயசைக்க வேண்டும். பிறகு படத்தை மெதுவாக்கும்போது உதடு பாட்டோடு சரியாக உட்காரும். இது வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். அன்றைக்கு நான் கடைசி பெஞ்சில் சமோசா தின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. நேர் வேகத்திலேயே பாட்டை ஓட்டிவிட்டோம். வீட்டுக்கு வந்து மெதுவாக்கிப் பார்த்தால், அவள் தூக்கத்தில் பெருங்காயக் கட்டியை மெல்லுகிறவள் மாதிரி இருந்தாள். கேமராக்காரன் வெளிச்சத்தைக் குறை சொன்னான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவனைத் தமிழில் திட்டினேன். அவன் நன்றி சொன்னான்.

இரண்டாம் நாள் அவள் அம்மா வருவதாக ஏற்பாடு. கடைசி வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது எப்படி நடப்பாரோ அப்படியே அந்தச் சந்தில் நடந்து வர வேண்டும், அவ்வளவுதான் காட்சி. காட்டன் புடவை, தோளில் துணிப்பை, கொஞ்சம் களைப்பு என்றெல்லாம் நான் மனதுக்குள் படம் வரைந்து வைத்திருந்தேன்.

பதினோரு மணி சுமாருக்கு அம்மா வந்தார். அரக்குப் பட்டுப்புடவை. தலை நிறைய மல்லிகை. கையில் கறுப்பு ஹேண்ட்பேக். கழுத்தில் ஒரு அடையாள அட்டை தொங்கியது. கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, அது என் சிநேகிதியின் முதல் வருடக் கல்லூரி அட்டை. முகம் தெரியாதபடி திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வீடியோ ஊருக்கும் போவும்ல பாப்பா? அதான். நல்லாருக்கா?"

"ரொம்ப நல்லாருக்கு ஆன்ட்டி" என்றேன். பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருந்தார்.

வருடா வருடம் ஊருக்குப் போவதற்கு முன்னால் இதே வேஷத்தில், ஏதாவது பெரிய சர்க்கார் கட்டடத்து வாசலில் நின்று போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்புவாராம். என் சிநேகிதிதான் எடுப்பாள். கட்டடத்துக் காவலாளி விரட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்பதால் அவளுக்குப் போட்டோ எடுப்பதில்கூட அந்த பஸ் பிடிக்கிற வேகம் வந்துவிட்டது. இதையெல்லாம் அவள் அப்போதுதான் என் காதில் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் வெளுத்திருந்தது. பாட்டு ஓடினால் அம்மாவுக்குக் கேட்டுவிடுமே என்ற பயம்.

ஆனால் அன்றைக்கு நாங்கள் பாடம் கற்றிருந்தோம். பாட்டு இரட்டை வேகத்தில் ஓடியது. குரல் கீச்சுக்கீச்சென்று ஒரு சொல்லும் விளங்காமல் பறந்தது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இன்னாடி இது, எலி சண்ட போடற மாதிரி கத்துது! இதுக்கா காலேஜுல மார்க்கு போடறாங்க?"

என் சிநேகிதிக்கு உயிர் வந்தது. எலிச் சத்தத்துக்கு வாயசைத்து அந்த இரண்டு வரிகளைக் கேமராவுக்கு மிகக் கிட்டத்தில் முகம் வைத்து உதட்டாலேயே சொன்னாள். அம்மா நாலடி தள்ளி நின்று தன் பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு முறை வந்து அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுப் போனார். கட் சொல்ல வேண்டியவள் நான், சொல்லவில்லை.

பிறகு அம்மா நடந்தார். "பேட்டா, ரெடியா?" என்று கேமராக்காரனைக் கேட்டுவிட்டு நடந்தார். காலியான வீடுகளுக்கு நடுவே, சருகை மிதித்துக்கொண்டு, ஹேண்ட்பேக்கை முழங்கையில் மாட்டி, இடது பக்கமும் வலது பக்கமும் யாரோ வணக்கம் சொல்வது போலவும் அதை ஏற்றுக்கொள்வது போலவும் லேசாகத் தலையசைத்துக்கொண்டு வந்தார். அந்தச் சந்தில் அப்படி ஒரு ஆபீசர் அதற்கு முன்னால் நடந்திருக்க மாட்டார். என் அப்பாவின் மேலதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன், ஒருவருக்கும் இந்த நடை கிடையாது.

அம்மா அடுத்த வீட்டு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஜல்தியாகக் கிளம்பினார். வேப்பமரத்தடியில் ட்ரைபாட்டை மடக்கிக்கொண்டிருந்தபோது என் சிநேகிதி சொன்னாள்.

"அந்த ரெண்டு வரிய எடுத்துடு."

"எடுக்கிறதா? பாட்டோட உசிரே அதுதான்டீ."

"தெரியும். எடுத்துடு."

எனக்குக் கோபம் வந்தால் குரல் முதலில் ஏறும், நியாயம் பிறகுதான் வரும். கலை, துணிச்சல், உண்மை என்று எங்கள் பேராசிரியர் பயன்படுத்தும் எல்லாச் சொற்களையும் அவள்மேல் எறிந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அவங்க பாவம் பட்டுப்புடவ கட்டிக்கிட்டு வந்து நிக்கறாங்க. அதுமேல இந்த வரி ஓடிச்சுன்னா, நானே எங்கம்மாவ எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு சிரிக்கிற மாதிரி ஆயிடும். ஊர்ல பெரியம்மா பாக்கும். எங்க லைன்ல இருக்கிற அத்தன பேரும் பாப்பாங்க. இத்தன வருஷத்துல ஒருத்தர் கூட இன்னொருத்தர் வேலையப் பத்தி வாயத் தொறந்ததில்ல. மொதல்ல தொறந்தது நானா இருக்கணுமா?"

"அப்புறம் எதுக்குடீ எழுதின?"

"எழுதும்போது அம்மாவுக்குன்னு நெனச்சு எழுதினேன்டீ. அவங்க படற கஷ்டத்தச் சொல்லணும்னு. இப்ப பாத்தா அவங்க மானத்தப் பிடுங்கற மாதிரி இருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை, தூசி என்றாள்.

நான் மசியவில்லை. வீட்டுக்குப் போய் வரிகளை வைத்தே எடிட் செய்தேன். அவள் முகம், 'ஊரிலே எங்கம்மா ஆபீஸ்காரி'. இன்னும் முகம், 'அஞ்சு வீட்டு அடுப்புக்காரி'. உடனே ஹேண்ட்பேக்கோடு அம்மா, மெதுவாக, மிக மெதுவாக நடந்து வருகிறார். வகுப்பு இந்த இடத்தில் சிரிக்கும். கெட்ட பிள்ளைகள் இல்லை, ஆனாலும் சிரிக்கும். அந்தச் சிரிப்பு எனக்குத் தனி அறையில் உட்கார்ந்தே கேட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இரண்டு வரிகளின் குரலை அமர்த்தினேன். மேலே ஒட்டுவதற்கு வேறு காட்சி இல்லை. முதல் நாள் எடுத்ததெல்லாம் பெருங்காயம் மென்றவை. அதனால் அவள் முகம் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளும் அம்மாவும் எங்கள் வீட்டுக்குப் படம் பார்க்க வந்தார்கள். அம்மா மதியச் சமையலை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். சாயம் போன காட்டன் புடவை, தோளில் துணிப்பை. நான் மனதில் வரைந்து வைத்திருந்த அதே படம். டைரக்டருக்கு ஒரு நாள் தாமதமாக எல்லாம் கிடைத்தது.

"வாங்க, உக்காருங்க. காப்பி குடிப்பியள்லா?" என்றாள் என் அம்மா. திருநெல்வேலிக்காரி. டெல்லி வந்து இத்தனை வருடத்தில் ஹிந்தியையும் திருநெல்வேலி ராகத்தில்தான் பேசுகிறாள். "ஏட்டி, சத்தத்தக் கூட்டி வையி."

லேப்டாப்பை ஸ்டூலில் வைத்தேன். பாட்டு நேர் வேகத்தில் ஓடியது. அவள் அம்மாவுக்கு முதல் முறையாகத் தன் பெண்ணின் குரல் விளங்கியது. பஸ்ஸில் இடம் பிடிக்கும் வரியில் வாய்விட்டுச் சிரித்தார். குளிருக்குப் பயந்து தலை குளிக்காத வரியில், "என்னப் பத்தில்ல எழுதியிருக்கு கழுத" என்றார். தாளம் மட்டுப்பட்டது. திரை முழுக்க என் சிநேகிதியின் முகம். உதடுகள் மெதுவாக, அழகாக, ஒவ்வொரு எழுத்தாக அசைந்தன. சத்தம் இல்லை.

பிறகு அரக்குப் பட்டு நடந்து வந்தது. "ஆத்தாடி! சினிமாக்காரி தோத்தா போங்க" என்றாள் என் அம்மா.

பாட்டு முடிந்தது. அவள் அம்மா தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நடுவுல இன்னாமோ சொல்றியே. சத்தம் வரல."

"ஒண்ணுமில்லம்மா. அது சும்மா..."

"வாய் அசையுது. திருப்பிப் போடு பாப்பா."

திருப்பிப் போட்டேன். வேறு என்ன செய்ய? உதடுகள் மறுபடி அசைந்தன. அம்மா திரையை நோக்கிக் குனிந்து தன் உதட்டையும் கூடவே அசைத்துப் பார்த்தார். பாதி பிடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. என் சிநேகிதிக்கும் தோன்றியிருக்க வேண்டும். தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள். தாளம் இல்லாமல், பாட்டாகக்கூட இல்லாமல், வீட்டு விஷயம் சொல்கிற குரலில் அந்த இரண்டு வரிகளையும் சொன்னாள்.

என் அம்மா காப்பித் தம்ளரைப் பிடித்தபடி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"எடுத்துட்டோம் ஆன்ட்டி, அது பாட்டுல இல்ல" என்று நான் குறுக்கே விழுந்தேன். யாரும் என்னைப் பொருட்படுத்தவில்லை.

"நான் கெளம்பும்போது எங்கண்ணி என்னா சொன்னா தெரியுமா?" என்றார் அவள் அம்மா. யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "டெல்லிக்குப் போயி எச்சிப் பாத்திரம் தேய்க்கப் போறான்னு. ஊரே கேக்குற மாதிரி சொன்னா. உன்ன இடுப்புல வெச்சிருந்தேன். வந்து மொத மாசமே போன் போட்டு, ஆபீஸ் வேல கெடச்சிடுச்சின்னுட்டேன். அப்படியே நிக்குது." பெண் பக்கம் திரும்பினார். "இத எழுதறப்ப ஒனக்கு வெக்கமா இருந்துச்சா?"

"இல்லம்மா."

"நெசமா சொல்லு."

"உங்களப் பத்தி எனக்கு என்னிக்குமே வெக்கமா இருந்ததில்லம்மா. பெருமையாத்தான் எழுதினேன். நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் எடுக்கச் சொன்னேன்." இப்போது தூசி என்று சொல்ல முடியாதபடி அழுதாள். அம்மா அவள் தலையைத் தன் முழங்காலில் சாய்த்துக்கொண்டு, நெற்றி முடியை ஒதுக்கியபடியே இருந்தார்.

"அப்ப எனக்கு எதுக்குடி அந்த ஆபீஸ்?" என்றார்.

துணிப்பையைத் துழாவி போனை எடுத்தார். கையில் மஞ்சள் கறை இருந்ததால் புடவையில் துடைத்துக்கொண்டு அக்காவின் எண்ணைத் தொட்டார். ஸ்பீக்கர் போட்டுப் பேசுவதுதான் அவர் வழக்கம்.

"அக்கா, சாப்பிட்டியா? ஒண்ணுமில்ல, ஒரு சேதி. நான் ஆபீஸ் வேலய விட்டுட்டேன்."

"ஏன்டி? அய்யய்யோ! நல்ல வேலயாச்சே?"

"புடிக்கல. இப்ப சமையல் வேல. அஞ்சு வீடு."

"ஊட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலியா?"

அம்மா எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "அவருக்கென்ன, அவரு காண்ட்ராக்டரு." போனைக் கையால் பொத்திக்கொண்டு மெல்ல எங்களிடம் சொன்னார்: "என் ஆபீஸ மட்டுந்தான் மூடறேன். அவங்கவங்க ஆபீஸ் அவங்கவங்களுக்கு இருக்கட்டும். பாட்டுல வேற யாரும் இல்லல்ல?"

இல்லை என்று நாங்கள் மூவரும், பாட்டு எழுதாத என் அம்மா உட்பட, தலையாட்டினோம்.

போனில் பெரியம்மா இன்னும் சமாதானம் ஆகவில்லை. "இத்தன வருசம் பாத்த வேல. பென்சன் கின்சன் ஏதாச்சும் குடுப்பாங்களாடி?"

"பொண்ணு ஒரு பாட்டுப் போட்டிருக்கா" என்றார் அம்மா. "அனுப்பறேன். சத்தமா வெச்சுக் கேளு."